மூன்று நாள் சாட்சி

முப்பத்துநான்கு வருஷம் கோர்ட்டில் சுருக்கெழுத்தராக இருந்தவள் நான். அடுத்தவர் சொன்னதை அப்படியே எழுதுவதுதான் வேலை. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கொலை வழக்குகளே இருநூறுக்கு மேல் எழுதியிருப்பேன். ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருந்தாலும் மூக்கு சும்மா இருக்கவில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் காணாமல் போன கேஸ் சிலிண்டரைக் கண்டுபிடித்தது நான்தான். அடுத்த வீட்டு மருமகள்மேல் விழுந்த நகைத் திருட்டுப் பழியைத் துடைத்ததும் நான்தான்.

"சித்தி, உங்க மூக்குக்கு அஞ்சு நாள் லீவு விடுங்க" என்று சொல்லி, என் அக்காள் மகள் ஏற்காட்டில் ஒரு விடுதியில் அறை போட்டு என்னை அனுப்பி வைத்தாள். அங்கே போன இரண்டாம் நாளே ஒருவர் செத்துப் போனார்.

அவர் பெயர் சென்னியப்பன். ஈரோட்டுக்காரர், எழுபத்தெட்டு வயது, சர்க்கரையும் இருதயக் கோளாறும் உண்டு. வராந்தாவில் இருந்த இரண்டு பிரம்பு நாற்காலிகளில் ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு என்று முதல் நாளே ஆகிவிட்டது. மணிக்கட்டில் அகலமான ஒரு கைப்பட்டை கட்டியிருந்தார். அதை எனக்குக் காட்டுவதில் அவருக்கு ஒரே பெருமை.

"ஆறு வருசமா எங்கூடவே இருக்குதுங்க. நான் பேசறது, என்ற காதுல விழறது எல்லாத்தையும் கேட்டுக்கும். வயித்துல ஒட்டியிருக்கற இன்சுலின் பெட்டிக்கும் இதுதான் உத்தரவு போடும். நான் செத்தாலும் மூணு நாளைக்கு எனக்குப் பதிலா பேசுமுங்க."

"செத்தப்புறமும் பேசணுமா? இருக்கும்போது பேசினது போதாதாக்கும்?" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அவரைக் கவனித்துக்கொள்ள குமுதா என்று ஒரு நர்ஸ். ராசிபுரத்துப் பெண், முப்பது இருக்கும். நாலு வயது மகளைத் தாயிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஸ்வெட்டர் போடுங்க, தண்ணி குடிங்க, நடங்க என்று அவள் விரட்டுவாள். அவர் என்னைப் பார்த்து, "பாத்தீங்களா, இவ என்னைக் கொல்லாம உடமாட்டா" என்பார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். சொல்லிக்கொண்டே ஸ்வெட்டரையும் போட்டுக்கொள்வார்.

அன்று ஆடி அமாவாசை. வந்த இடத்திலும் விடவில்லை மனிதர். தாய் தகப்பன் படத்தை அறையில் வைத்து, படையல் போட்டு, காக்காய் எடுத்த பிறகுதான் வாயில் தண்ணீர் படும் என்று காலையிலிருந்து பட்டினி. விரதம் வேண்டாம் என்று குமுதா மன்றாடினாள். அன்று உண்மையாகவே சண்டை. மகளுக்குக் காய்ச்சல், ஊருக்குப் போய்வர இரண்டு நாள் லீவு வேண்டும் என்று அவள் கேட்டதும், இவர் முடியாது என்று கத்தியதும் எனக்குக் கேட்டது.

பன்னிரண்டு மணிக்கு மேல் அவள் இலைச்சோற்றை எடுத்துக்கொண்டு விடுதியின் பின்பக்கம் போனாள். பனி இறங்கி எதிர்மரம் தெரியவில்லை. காக்காய்க்கு வழி தெரிய வேண்டுமே. "கா... கா..." என்று அவள் கூப்பிடுவது கேட்டுக்கொண்டே இருந்தது. சென்னியப்பன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு தூங்கிப்போனார். நான் குறுக்கெழுத்துப் புதிரில் இருந்தேன். இடையில் யாரோ சாப்பிட்டாச்சா என்று கேட்டார்கள். ஆச்சு, ஆச்சு என்றேன். ஒன்பதாவது கட்டத்தில் ஆறெழுத்தில் ஒரு மலர் வேண்டியிருந்தது. அதைக் கண்டுபிடிக்காமலே எழுந்து, சாப்பாட்டுக்கூடத்துக்குப் போனேன்.

இரண்டு மணிக்கு குமுதாவின் அலறல் கேட்டது. காக்காய் ஒருவழியாக வந்து சோற்றை எடுத்திருக்கிறது. அவள் சந்தோஷமாக ஓடிவந்து, இவருக்கு இலை போட்டுவிட்டு எழுப்பியிருக்கிறாள். அவர் எழுந்திருக்கவில்லை. மூன்றரைக்கெல்லாம் போலீஸ் வந்து அவளை விசாரணைக்கு ஜீப்பில் ஏற்றிவிட்டது.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் ஜமுனாராணி அவளையும் அழைத்துக்கொண்டு வந்தார். முப்பத்தைந்து வயது, சளியோடு இருந்தார். சாப்பாட்டுக்கூடத்து மேசையில் ஒரு சின்னத் திரையை வைத்தார். குமுதா சுவரோரம் நின்றாள். சென்னியப்பனின் ஒரே மகன் நவநீதன் கோயம்புத்தூரிலிருந்து ராத்திரியே வந்திருந்தார். ஐம்பது வயது மனிதர் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார்.

"சர்க்கரை ரொம்பக் கொறைஞ்சு எறந்திருக்காரு" என்றார் இன்ஸ்பெக்டர். "சாப்பாடு முடிஞ்சதுன்னு அந்தப் பட்டைக்கு யாராவது சொல்லணும். சொன்னாத்தான் முழு அளவு இன்சுலின் எறங்கும். நேத்து பன்னெண்டு நாப்பதுக்கு சொல்லியிருக்காங்க. அவர் அப்ப வெறும் வயிறு."

"யாரு சொன்னா?" என்றேன். என் மூக்கு லீவை முடித்துக்கொண்டது.

"நீங்க யாரும்மா?"

சொன்னேன். முப்பத்துநான்கு வருஷத்தையும் சொன்னேன். பக்கத்து நாற்காலிக்காரி என்பதையும் சொன்னேன். அவருக்கு என்னைப் பிடித்துப் போயிற்று என்று நினைக்கிறேன், விளக்கமாகவே பேசினார்.

"பொம்பளைக் குரல்னு மட்டும் பதிவாகியிருக்கு. யாரு குரல்னு இல்ல. கேட்டதைத் தனித்தனியா சேத்து வெக்கக் கூடாதுன்னு சட்டம். எல்லாத்தையும் ஒண்ணாக் கரைச்சு, இவரு எப்படிப் பேசுவாரோ அப்படிப் பேசற ஒரு குரலா மாத்திடும். பின்குரல்னு சொல்லுவோம். மூணு நாள் வரைக்கும் கேள்வி கேக்கலாம். மரண வாக்குமூலத்துக்குச் சமம்."

"அப்ப செத்தவரையே கேட்டுட்டீகளா?"

"கேட்டேன். நீங்களும் கேளுங்க." திரையைத் தொட்டார். "ஐயா, உங்களை யாரு கொன்னா?"

"குமுதாதானுங்க" என்றது சென்னியப்பனின் குரல். அதே இழுப்பு, அதே மூச்சு. "அவதான் கொன்னா. கொல்லாம உடமாட்டான்னு நான் சொல்லீட்டேதான் இருந்தனுங்க."

குமுதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அய்யா, நானா? நானாங்கய்யா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டாள். பிறகு எங்களைப் பார்த்து, "எம்புள்ளைக்கு நாலு வயசுதானுங்க" என்றாள்.

"இதுக்கு முன்னாடி சாப்பிடாமயே சாப்பிட்டார்னு பட்டைக்குச் சொல்லியிருக்கியா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அவள் பொய் சொல்லியிருக்கலாம். "ஒரே ஒரு வாட்டிங்க. பத்து நாளைக்கு முன்னாடி. தட்டை வெச்சுட்டேன், சாப்புடப் போறார்னு சொல்லிப்போட்டேன். நேத்து நான் பின்னாலதானுங்க இருந்தேன். சர்க்கரை கொறைஞ்சா என்ற போனுக்கு மணி வரும். அங்க சிக்னலே இல்லீங்க."

இருநூறு கொலை வழக்கு எழுதினவளுக்கு ஒன்று தெரியும். தனக்கு எதிரானதை மறைக்காமல் விவரமாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் குற்றவாளிகள் அல்ல. ஆனால் அது சாட்சியம் ஆகாது. செத்தவரின் குரல்தான் சாட்சியம். இருக்கிறவள் அழுகிறாள், இல்லாதவர் பேசுகிறார், சட்டம் இல்லாதவர் பக்கம். சவம், இது என்ன காலம் என்று எரிச்சலாக வந்தது.

"இன்ஸ்பெக்டரம்மா, நான் ரெண்டு கேள்வி கேக்கட்டா?"

அவர் யோசித்துவிட்டுத் திரையை என் பக்கம் நகர்த்தினார்.

"சென்னியப்பன் ஐயா, நேத்து மழை வந்தப்ப உங்க அறை ஜன்னலைச் சாத்தினது யாரு?"

"குமுதாதானுங்க. துணியெல்லாம் ஈரமாயிப்போகும்னு ஓடியாந்து சாத்துனா."

நான் ஜமுனாராணியைப் பார்த்தேன். "நேத்து மழை எப்ப பெஞ்சுது?"

அவர் முகம் மாறியது. "நாலு மணிக்கு."

"இவரு போய்ச் சேந்தது ரெண்டு மணிக்குள்ள. நாலு மணிக்கு இந்தப் புள்ள உங்க ஜீப்புல உக்காந்திருந்தா. ஜன்னலைச் சாத்தினது நான்." மூச்சு வாங்கிக்கொண்டேன். "மரண வாக்குமூலம் எழுத நான் ஆஸ்பத்திரிக்கு எத்தனையோ தடவை போயிருக்கேன். உடம்பெல்லாம் வெந்து கிடப்பாங்க. பாதிக் கேள்விக்கு தெரியலய்யான்னுதான் சொல்லுவாங்க. உசுரோட பாத்தவனுக்குத்தான் எது தெரியாதுன்னு தெரியும். இதுக்குத் தெரியாதுன்னு சொல்லவே தெரியலியே. எப்பவும் குமுதா குமுதான்னு கூப்பிட்டவரு, அதனால எல்லாத்துக்கும் குமுதாங்குது."

நவநீதன் முதன்முறையாகத் தலையைத் தூக்கினார். "அப்பா கோவத்துல ஆயிரம் சொல்லுவாரு. அதையெல்லாமா எடுத்து வெச்சிருக்குது?" என்றார். இந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று எனக்குத் தோன்றியது. தகப்பன் ஜாடை குரலிலும் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"சரி, குரலை விடுங்க. பன்னெண்டு நாப்பதுக்கு இவ எங்க இருந்தான்னு யாருக்குத் தெரியும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எனக்குத் தெரியும். பன்னெண்டரை வாக்கில பின்னால போனா. நான் பன்னெண்டே முக்காலுக்குச் சாப்பிடப் போற வரைக்கும் கா கான்னு அவ கத்தினது நிக்கவே இல்ல. வராந்தாப் பக்கம் வரவும் இல்ல. எழுதிக்கிடுங்க."

அவர் எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தார். "தப்பா நினைக்காதீங்கம்மா, கேக்கணும். அப்ப அவர் பக்கத்துல இருந்த ஒரே பொம்பளை நீங்கதான். நீங்க ஏதாவது அந்தப் பட்டைகிட்ட சொன்னீங்களா?"

"நான் எதுக்குச் சொல்லுதேன்? அவரு சாப்பாட்டைப் பத்தி நான் யார்ட்டயும் வாயே தொறக்கல."

அதையும் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். கருவியின் கோளாறாகவே இருக்கும் என்று மேலதிகாரியிடம் பேசி, அன்று மாலையே குமுதாவை விட்டுவிட்டார்கள். அவள் என் காலில் விழ வந்தாள். நான் தடுத்தேன், ஆனால் உள்ளே குளிர்ந்துதான் போனேன். அக்காள் மகளுக்குப் போன் போட்டு, மூக்கு ஜெயித்த கதையை அரை மணி நேரம் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை குமுதா சொல்லிக்கொண்டு போக வந்தாள். முகம் வாடியிருந்தது.

"கேசு இல்லைன்னுட்டாங்கம்மா. ஆனா எங்க ஏஜென்சில, அந்தக் குரல் யாருதுன்னு தெரியற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க. வேற எங்க கேட்டாலும் பொம்பளைக் குரல்னு பதிவிருக்குதேங்கறாங்க. இந்த வேலையை உட்டா எனக்கு என்னங்கம்மா தெரியும்?"

"கோளாறுன்னு எழுதிட்டாங்களே?"

"இருக்கலாம்னுதானுங்க எழுதியிருக்காங்க."

அவள் கீழே போகும் பஸ்ஸைப் பிடிக்கப் பையோடு இறங்கிப் போனாள். என் கார் வர மத்தியானம் ஆகும். அதே வராந்தாவில், அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். காலையில் ஒரு காபிதான் குடித்திருந்தேன், மனசு சரியில்லாததால் சாப்பிடத் தோன்றவில்லை.

ஒரு மணி வாக்கில் நவநீதன் வந்து, அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் அந்தத் திரை இருந்தது. இரண்டு மணிக்குக் குரல் அழிந்துவிடும், கடைசியாகப் பேசிக்கொள்ள இன்ஸ்பெக்டர் கொடுத்திருக்கிறார்.

"நான் போயிடட்டா தம்பி?"

"இருங்கம்மா. தனியாக் கேக்க எனக்குத் தைரியமில்ல." திரையை மடியில் வைத்துக்கொண்டார். "அப்பா, நான் நவநீதன். பசியோட போயிட்டீங்களாப்பா?"

"இல்ல கண்ணு. சாப்பாடு ஆச்சே" என்றது குரல். "வயிறார ஆச்சு."

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஆனால் அது தாங்க முடிந்த அழுகை. மூன்று நாளாக அவரை அரித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு கேள்விதான் என்று புரிந்தது. பொய்யான பதில்தான், இருக்கட்டும், பிள்ளைக்கு ஆறுதல் என்று நினைத்துக்கொண்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மரியாதைக்கு என் பக்கம் திரும்பினார்.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு, ஆச்சு" என்றேன்.

சொல்லி முடித்ததும்தான் எனக்கு உறைத்தது. நான் சாப்பிடவில்லை. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். நம்மில் யார்தான் இல்லை என்று சொல்கிறோம்? இல்லை என்றால் கேட்டவர் இலை போட வேண்டியிருக்குமே என்று, வாய் தானாகச் சொல்லிவிடும். ஆனால் அந்தக் கேள்வி. அதே குரல், அதே நாற்காலி, அதே திசை. ஆயிரம் சாட்சிகளின் குரலைக் காதால் பிரித்தறிந்தவள் நான். இந்தக் குரலை முன்பு எங்கே கேட்டேன் என்பது இப்போது தெரிந்துவிட்டது.

"தம்பி, அந்தப் பட்டைக்கு நாமளாச் சொல்லணுமா, இல்ல அதுவாக் கேக்குமா?"

"அதுவாத்தாங்க கேக்கும். மத்தியானமானா கேக்கும்."

"யாரு குரல்ல?"

"என்ற குரல்லதாங்க. என்னால அடிக்கடி வந்து பாக்க முடியறதில்ல. மெசினு கேட்டா அப்பா பதிலே சொல்லமாட்டாரு. நான் கேக்கற மாதிரி பதிஞ்சு குடுத்தேன். எட்டு மாசத்துல மூணு நர்சு மாறிட்டாங்க, அதனால பக்கத்துல யாரு பதில் சொன்னாலும் எடுத்துக்கற மாதிரி நான்தான் போட்டு உட்டேன்."

திரை இன்னும் அவர் மடியில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. நான் குனிந்து கேட்டேன்.

"சென்னியப்பன் ஐயா, அமாவாசை அன்னிக்கு, சாப்பாடு ஆச்சுன்னு சொன்னது யாரு?"

"குமுதாதானுங்க" என்றது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அது என்னைக் காட்டிக்கொடுக்காது. இன்னும் முக்கால் மணி நேரத்தில் அதுவும் இருக்காது. என் கார் வந்துவிடும். ஊரில் நான் ஒரு பெண்ணைக் காப்பாற்றிய கதை ஏற்கனவே போய்ச் சேர்ந்திருக்கிறது. இந்த மனிதருக்கும் அப்பா வயிறாரச் சாப்பிட்டுப் போனார் என்ற நினைப்பு மிஞ்சும். நான் வாயைத் திறந்தால் அதைப் பிடுங்கியவள் ஆவேன்.

பையோடு இறங்கிப் போன குமுதாவை நினைத்தேன்.

"தம்பி, உங்கப்பா சாப்பிடல" என்றேன். "உங்க குரல் கேட்டுச்சு. அவரு தூங்கிட்டிருந்தாரு. நான் என்னைக் கேக்காகன்னு நினைச்சு, நிமிந்து கூடப் பாக்காம ஆச்சுன்னு சொன்னேன். இப்ப அது ஆச்சுன்னு சொன்னது அவரு பதில் இல்ல. என் பதில். என் பொய்யைத்தான் அது தின்னு வச்சிருக்கு."

அவர் மடியிலிருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் நேர்ல வந்து கேட்டிருந்தா நீங்க நிமிந்து பாத்திருப்பீங்க" என்றார் கடைசியில். திரையை அணைத்து, கவிழ்த்து வைத்தார். இரண்டு மணிவரை காத்திருக்கவில்லை.

நான் போன் போட்டதும் ஜமுனாராணி அரை மணியில் வந்துவிட்டார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "அம்மா, யாருமே உங்களைக் கேக்கலியே. பைலை மூடிட்டேன். இப்ப இதை எழுதினா கவனக்குறைவுன்னு வழக்காகும். இந்த வயசுல நீங்க கோர்ட்டுக்கு அலையணும்."

"கோர்ட்டு எனக்குப் புதுசா? அந்தப் பேப்பரைத் தாங்க. நானே எழுதுதேன். ஒரு நகல் குமுதாவோட ஏஜென்சிக்குப் போகணும்."

"நீங்க எழுதக் கூடாது. நான்தான் கேட்டு எழுதணும்."

"தெரியும். சரி, கேளுங்க."

முப்பத்துநான்கு வருஷம் அடுத்தவர் சொன்னதை எழுதியவள், இப்போது நான் சொல்ல, இன்னொருவர் எழுதினார். பெயர், வயது, ஊர், அன்று உட்கார்ந்திருந்த இடம் எல்லாம் கேட்டார். முன்பு கொடுத்த வாக்குமூலம் தவறு என்று ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார். ஒப்புக்கொண்டேன். விடுதி வாசலில் என் கார் வந்து ஹார்ன் அடித்தது. காத்திருக்கச் சொன்னேன். கடைசிக் கேள்விக்கு அவர் பேனாவை நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க ஆச்சுன்னு சொன்ன நேரத்துல, நீங்க சாப்பிட்டிருந்தீங்களா?"

"இல்லை" என்றேன். அவர் அதை அப்படியே எழுதினார்.